பரிணாமம் என்ற சொல்லைக் கையாள்வது எப்படி? புதிதாக அறிவியல் எழுத வருபவர்களுக்கு

உயிரினங்கள் மாறி வந்த கதையைத் தமிழில் எழுத உட்காரும் எவருக்கும் முதல் பத்தியிலேயே தேவைப்படும் சொல் பரிணாமம். பள்ளியில் படித்ததுதான், தொலைக்காட்சியில் கேட்டதுதான் என்பதால் தேடவே வேண்டாம், தானாக வந்து விழும். சிக்கல் தொடங்குவது அங்கேதான். புதியவர்களின் அறிவியல் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்திக் கொடுத்து வருகிறேன். கருந்துளை பற்றி எழுதும்போது நாலு தடவை அகராதியைப் புரட்டுகிறவர்கள்கூட, பரிணாமம் பற்றி எழுதும்போது புரட்டுவதில்லை. கட்டுரையைப் படித்து முடித்த வாசகரோ, "உயிர்கள் எல்லாம் ஆசைப்பட்டு முன்னேறியிருக்கின்றன" என்று எண்ணிக்கொண்டு எழுந்து போவார். எழுதியவர் அப்படி நினைத்திருக்கவே மாட்டார். அவர் போட்ட பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் கூட்டுச் சேர்ந்து அப்படிச் சொல்லிவிட்டிருக்கும்.

உங்கள் வரைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ள படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். இரண்டாம் படியையும் நான்காம் படியையும் அவசரப்பட்டுத் தாண்டிவிட வேண்டாம்.

முதல் படி: எழுத்தைப் பாருங்கள்

பரிணாமம் வேறு, பரிமாணம் வேறு. ணாவும் மாவும் இடம் மாறினால் பொருளே மாறிவிடும்.

பரிமாணம் என்றால் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ளது முப்பரிமாணம். அதிலிருந்து ஒரு விஷயத்தின் இன்னொரு பக்கம் என்ற பொருளும் வழக்கில் வந்துவிட்டது. "வழக்கு புதிய பரிமாணம் பெற்றது" என்று செய்தித்தாள் எழுதினால் அது சரிதான். அதே இடத்தில் "புதிய பரிணாமம்" என்று எழுதுவது தவறு. பரிணாமம் என்றால் ஒன்று மாறிக்கொண்டே வருவது.

இரண்டும் வடசொற்கள். பரிணாமத்துக்குள் இருப்பது 'நம்' என்னும் வேர். வளைதல், பணிதல் என்று பொருள். நமஸ்காரத்தில் இருப்பதும் அதுவே. பரிமாணத்துக்குள் இருப்பது 'மா', அதாவது அளத்தல். காவிரிப் பாசனப் பகுதியில் நிலத்தை மாக்கணக்கில்தான் சொல்வார்கள். அந்த மாவுக்கும் இந்த மாவுக்கும் உறவு உண்டா என்ற ஆராய்ச்சிக்குள் போக வேண்டாம். மா முன்னால் வந்தால் அளவு என்று நினைவில் நிறுத்த அது போதும்.

நான் திருத்திக் கொடுத்த ஒரு கட்டுரை அச்சாகி வந்தபோது உள்ளே எல்லா இடத்திலும் பரிணாமம் சரியாகவே இருந்தது. தலைப்பில் மட்டும் 'மனிதனின் பரிமாண வளர்ச்சி' என்று கொட்டை எழுத்தில் நின்றது. தலைப்பைக் கடைசி நேரத்தில் வேறொருவர் வைத்திருந்தார். எழுதிய பெண் அந்த இதழைத் தன் வீட்டில் காட்டவே இல்லை என்று பிறகு சொன்னார். ஆகவே கட்டுரையை அனுப்பும்போது தலைப்பையும் நீங்களே எழுதி அனுப்புங்கள்.

இந்தியிலிருந்து மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பரிணாம் என்றால் முடிவு, விளைவு. தேர்தல் முடிவுக்கும் அதே சொல்தான். தெலுங்கில் அரசியல் நடப்புகளைக்கூடப் பரிணாமங்கள் என்பார்கள். எழுத்து ஒன்றாக இருக்கிறதே என்று அப்படியே தமிழில் இறக்கிவிடக் கூடாது.

இரண்டாம் படி: மாறுவது எது என்று கேளுங்கள்

பரிணாமம் என்ற சொல்லுக்கு முன்னால் "எதன்" என்ற கேள்வியைப் போட்டுப் பாருங்கள். வரும் பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: ஒரு பொருள், ஒரு நெடிய வாழ்நாள், அல்லது ஒரு கூட்டம்.

இந்தியத் தத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு நெடுநாள் வாழ்வு உண்டு. சாங்கியம் என்ற பழைய தத்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் பரிணாமவாதிகள். அவர்கள் சொல்லும் உதாரணம் பால் தயிராவது. ராத்திரி பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் ஒரு கரண்டி மோர் விட்டு உறை ஊற்றி மூடி வைக்கிறோம். காலையில் அதே பாத்திரத்தில் தயிர் இருக்கிறது. பால் எங்கும் போய்விடவில்லை, பால்தான் தயிரானது. தயிராகும் தன்மை பாலுக்குள் முன்பே இருந்தது. உலகமும் மூலப் பொருளான பிரகிருதியிலிருந்து இப்படித்தான் விரிந்தது என்பது சாங்கியம். அத்வைதிகள் இதை ஏற்கவில்லை. இருட்டில் கயிறு பாம்பாகத் தெரிகிறதே, கயிறு பாம்பாக மாறியா விட்டது என்று கேட்டார்கள். அவர்கள் கொள்கைக்கு விவர்த்தம் என்று பெயர். ஆகப் பழைய வழக்கில் பரிணாமம் என்பது ஒரே பொருள், தனக்குள் ஒளிந்திருந்த இன்னொன்றாக ஆவது.

ஆங்கிலச் சொல்லின் கதையும் ஏறக்குறைய இதுவேதான். எவல்யூஷன் என்பதன் லத்தீன் மூலத்துக்குச் சுருட்டி வைத்த ஏட்டை விரித்தல் என்று பொருள். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பது முன்பே முடிந்துபோன விஷயம், விரிக்க விரிக்கத் தெரியும், அவ்வளவே. 18ஆம் நூற்றாண்டில் கருவியல் அறிஞர்கள் இந்தச் சொல்லை அந்தப் பொருளில்தான் ஆண்டார்கள். கருவுக்குள் குட்டி உருவம் ஒன்று முழுதாக மடங்கிக் கிடக்கிறது, அது விரிந்து குழந்தையாகிறது என்பது அவர்களில் பலருடைய நம்பிக்கை.

சார்லஸ் டார்வின் 1859இல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய தன் நூலை வெளியிட்டபோது அதன் முதல் பதிப்பில் எவல்யூஷன் என்ற சொல்லே கிடையாது. நூலின் கடைசிச் சொல்லாக அதன் வினை வடிவம் மட்டும் வருகிறது. 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் பெயர்ச்சொல் ஏறியது. அதுவரை அவர் கையாண்ட தொடரைத் தமிழில் "மாற்றங்களோடு வழிவழியாக வருதல்" என்று சொல்லலாம். அவர் சொல்ல வந்தது ஏடு விரிவதுபோல் முன்கூட்டி எழுதி வைத்த ஒன்று அல்ல. அதைச் சொல்ல இது எவ்வளவு நேர்மையான தொடர்! என் மனத்துக்குப் பிடித்தது இன்றைக்கும் இதுதான். கட்டுரையில் ஓரிடத்திலாவது இந்தத் தொடரைச் சொல்லிப் பாருங்கள், வாசகருக்குச் சட்டென்று புரியும்.

வானியலில் நிலைமை வேறு. விண்மீன் பரிணாமம் என்றால் ஒரே விண்மீன் பிறந்து, எரிந்து, முதிர்ந்து, அடங்கும் கதை. நம் சூரியனுக்கு வயது சுமார் 460 கோடி ஆண்டு. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டு கழித்து அது வீங்கிச் செம்பூதம் என்னும் பெரிய சிவந்த விண்மீனாகும். திருவாதிரை விண்மீன் இப்போதே செம்மீப்பூதம் என்னும், அதைவிடப் பெரிய சிவந்த விண்மீன் நிலையில் இருக்கிறது. மார்கழி இரவில் வானத்தைப் பார்த்தால் அதன் செம்மை வெறும் கண்ணுக்கே தெரியும். இங்கே பரிணாமம் என்பது தனி ஒருவரின் வாழ்க்கை வரலாறு போன்றது. உயிரியல் கட்டுரையிலிருந்து பழகிய கையோடு இங்கே வந்தால் குழப்பம் வரும். நான் "விண்மீனின் வாழ்க்கை" என்றே எழுதச் சொல்வேன்.

உயிரியலில் மாறுவது கூட்டம். தனி உயிர் எதுவும் பரிணாமம் அடைவதில்லை. இதைப் புரியவைக்க நான் சொல்லும் உதாரணம் பேருந்து. சென்னையில் கிளம்பும் மதுரைப் பேருந்தில் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. விழுப்புரத்தில் நாலு பேர் இறங்குகிறார்கள், ஆறு பேர் ஏறுகிறார்கள். திருச்சியில் பாதி வண்டி மாறுகிறது. மாட்டுத்தாவணியில் போய் நிற்கும்போது உள்ளே இருப்பது வேறு கூட்டம். வழியில் எந்தப் பயணியும் இன்னொரு ஆளாக மாறவில்லை. இறங்கினார்கள், ஏறினார்கள், அதனால் கூட்டத்தின் முகம் மாறியது. உயிரினத்தில் இறங்குவது சாவு, ஏறுவது பிறப்பு. பிறக்கிறவர்கள் பெற்றோரின் சாயலோடு பிறக்கிறார்கள் என்ற ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் உவமை நிறைவாகிவிடும்.

உங்கள் வரைவில் "ஒரு மீன் காலப்போக்கில் கால் முளைத்துத் தரைக்கு வந்தது" என்பது போன்ற வாக்கியம் இருந்தால் அங்கே பாலைத் தயிராக்கிவிட்டீர்கள். "மீன்களில் ஒரு வகையின் வழித்தோன்றல்களிடம்" என்று தொடங்கித் திருப்பி எழுதுங்கள்.

மூன்றாம் படி: வளர்ச்சியை வெட்டுங்கள்

பரிணாம வளர்ச்சி என்று எழுதியே நமக்குப் பழகிவிட்டது. இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோல நிற்கின்றன. என் கருத்து: எந்த இடத்தில் எல்லாம் வளர்ச்சியை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிடுங்கள். பத்துக்கு ஒன்பது இடத்தில் நிற்கும். நிற்காத இடத்தில் "பரிணாம மாற்றம்" என்று எழுதுங்கள்.

வளர்ச்சி என்றதும் கீழிருந்து மேலே என்ற எண்ணம் வந்துவிடும். கேரளத்தில் கோட்டயம் பகுதிக் கிணறுகளில் ஒரு சின்னக் கெளுத்தி மீன் உண்டு. நிலத்தடி நீரிலேயே வாழ்வது, கிணறு இறைக்கும்போது மேலே வந்து அகப்படும். அதற்குக் கண் இல்லை. அதன் முன்னோர்களுக்குக் கண் இருந்தது. இருட்டில் கண் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்ற நிலையில் தலைமுறை தலைமுறையாகக் கண் போய்விட்டது. நம் குடலுக்குள் வாழும் நாடாப்புழுவுக்குத் தனக்கென்று குடல் கிடையாது. இவற்றை வளர்ச்சி என்பீர்களா? ஆனால் இரண்டுமே பரிணாமம்தான். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது என்று நாம் குறையாகச் சொல்வதுகூட அந்தச் சூழலில் பிழைக்கும் வழியாக இருந்தால் பரிணாமத்தில் தாராளமாக நடக்கும்.

"உயர்ந்த உயிரினம், தாழ்ந்த உயிரினம்" என்ற தொடர்களையும் இதே கத்தியால் வெட்டுங்கள். "குரங்கிலிருந்து மனிதன் வந்தான்" என்பதையும். சிம்பன்சியும் நாமும் சுமார் 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையரிடமிருந்து பிரிந்தவர்கள். நம்மிடம் இதற்கு அருமையான சொல் இருக்கிறது. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. ஒரே கொள்ளுத்தாத்தாவின் சொத்து இரண்டு வீட்டுக்கும் வந்திருக்கிறது, இரண்டு வீட்டாரும் அதை அவரவர் போக்கில் ஆண்டிருக்கிறார்கள். "குரங்கு மனிதனாகிவிட்டது என்றால் இப்போதும் குரங்கு ஏன் இருக்கிறது?" என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். பங்காளி என்று சொன்ன கட்டுரையைப் படித்த பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்காது. பெரியப்பா வீடு ஏன் இன்னும் இருக்கிறது என்று யாராவது கேட்பார்களா?

நான்காம் படி: வினைமுற்றைத் தேடுங்கள்

சொல்லைவிட அதிகம் கெடுதல் செய்வது வினை. தமிழ் இலக்கணத்துக்கு இங்கே ஒரு கூர்மையான பங்கு இருக்கிறது, கவனிக்காமல் விடுகிறோம்.

"ஒட்டகச்சிவிங்கி உயரத்தில் இருக்கும் இலையைத் தின்பதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டது." இந்த வாக்கியத்தில் தவறு எங்கே இருக்கிறது? இரண்டு இடத்தில். ஒன்று "தின்பதற்காக". காக என்று முடிந்தால் நோக்கம் வந்துவிடும். இரண்டு "நீட்டிக்கொண்டது". கொள் என்ற துணைவினை தமிழில் சாதாரணமானது அல்ல. சமைத்தாள் என்பதற்கும் சமைத்துக்கொண்டாள் என்பதற்கும் வித்தியாசம் எந்தத் தமிழருக்கும் தெரியும். கொள் சேர்ந்தால் செய்தவர் தனக்காக, தெரிந்து, தன் நன்மைக்குச் செய்தார் என்றாகும். "மாற்றிக்கொண்டது", "வளர்த்துக்கொண்டது", "தகவமைத்துக்கொண்டது" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த விலங்குக்கு ஒரு திட்டத்தைக் கொடுத்துவிடுகிறோம். தகவமைப்பு என்ற பெயர்ச்சொல்லால் பிரச்சினை இல்லை. அதன் பின்னால் கொள் வந்து ஒட்டும்போதுதான் தடம் புரள்கிறது.

அப்படியானால் எப்படி எழுதுவது? நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் வழி. நன்றாக அளந்து பார்க்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், வினைகளைக் கவனியுங்கள்.

பசிபிக் பெருங்கடலில் கலாபகஸ் தீவுகள். அவற்றில் டாஃப்னி மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் அங்கே தரைக்குருவிகளைப் பிடித்து, வளையம் மாட்டி, அலகை அளந்து, விட்டுவந்தார்கள். ஆண்டுதோறும் இதே வேலை. 1977இல் தீவில் மழை பொய்த்தது. குருவிகள் தின்னும் மெல்லிய சின்ன விதைகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. மிஞ்சியவை பெரிய, கடினமான விதைகள். அவற்றில் முக்கியமானது நம் ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்காய். வெறுங்காலோடு நடந்து நெருஞ்சி குத்தியவர்களுக்கு அந்தக் காயின் உறுதி தெரியும். அதை உடைக்க அலகு தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய அலகுள்ள குருவிகள் பட்டினியில் செத்தன. தடித்த அலகுள்ளவற்றில் பல பிழைத்தன. தீவில் இருந்த அந்த வகைக் குருவிகளில் பெரும்பகுதி அந்த வறட்சியில் இறந்துபோனது.

பிழைத்த குருவிகளின் சராசரி அலகுத் தடிமன், வறட்சிக்கு முந்தைய சராசரியைவிடச் சுமார் அரை மில்லிமீட்டர் அதிகம். அலகுத் தடிமன் பெற்றோரிடமிருந்து குஞ்சுக்குப் போகிற பண்பு. அதனால் அடுத்து பொரித்த குஞ்சுகளும் தடித்த அலகோடு வளர்ந்தன. எந்தக் குருவியும் தன் அலகைத் தடிப்பாக்கவில்லை. வறட்சி தொடங்கியபோது எந்த அலகு இருந்ததோ அதே அலகோடுதான் ஒவ்வொரு குருவியும் செத்தது அல்லது பிழைத்தது.

கதை இதோடு நின்றிருந்தால் "தடித்த அலகு நோக்கி முன்னேற்றம்" என்று யாராவது எழுதிவிடுவார்கள். 1982-83இல், பசிபிக் கடல் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் அதே தீவில் மழை கொட்டித் தீர்த்தது. கொடிகள் படர்ந்து தீவை மூடின, சின்ன விதைகள் குவிந்தன. இப்போது சின்ன அலகுக் குருவிகளின் காலம். பெரியவை தடுமாறின, சராசரி திரும்பி எதிர்ப்பக்கம் நகர்ந்தது. ஒரு பத்தாண்டுக்குள் இரண்டு திசை! பரிணாமத்துக்கு ஊர் சேரும் அவசரம் கிடையாது. மழை பெய்ததா, எந்த விதை மிஞ்சியது என்பதைப் பொறுத்து அது போகும்.

மேலே உள்ள மூன்று பத்திகளிலும் குருவிகள் மீது ஏற்றப்பட்ட வினைகள் எவை? செத்தன, பிழைத்தன, பொரித்தன, வளர்ந்தன, தடுமாறின. இவ்வளவு எளிய வினைகளே போதும். உங்கள் கணினியில் "கொண்டது", "கொண்டன", "தற்காக" ஆகியவற்றைத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு இடத்திலும் "யார் செத்தார், யார் பிழைத்தார், யாருக்குக் குஞ்சு பிறந்தது" என்று கேட்டு அந்தப் பதிலை எழுதுங்கள். வாக்கியம் கொஞ்சம் நீளும். நீளட்டும்.

ஐந்தாம் படி: வலியதா, தக்கதா?

"வல்லது வாழும்" என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். "சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்" என்ற மூல ஆங்கிலத் தொடர் டார்வினுடையது அல்ல. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் எழுதியது, டார்வின் 1869இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்தாண்டார். அதிலுள்ள ஃபிட்டெஸ்ட் என்ற சொல்லுக்குப் பொருள் மிகவும் பொருந்துவது, தக்கது. பலம் என்பது அல்ல. "தக்கன பிழைக்கும்" என்பது நல்ல தமிழ். 1977இல் தடித்த அலகு தக்கதாக இருந்தது, 1983க்குப் பிறகு அதுவே தகாததாகிவிட்டது. வல்லது என்று எழுதிவிட்டால் இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. மேலும் "வலுத்தவன் வாழ்வான், இளைத்தவன் சாவான், இது இயற்கையின் சட்டம்" என்று எளியவர்களை மிதிப்பதற்கு நியாயம் தேடியவர்கள் வரலாற்றில் உண்டு. அதற்கு நம் மொழிபெயர்ப்பு துணை போகக் கூடாது.

ஆறாம் படி: உயிரியலுக்கு வெளியே

"கவிஞராகப் பரிணமித்தார்", "கட்சி பெரும் சக்தியாகப் பரிணமித்தது" என்று எழுதுவது வழக்கில் நிலைத்துவிட்டது. பால் தயிரான பழைய பொருள் அது, தவறு சொல்ல மாட்டேன். ஆனால் எதற்கெடுத்தாலும் பரிணாமம் வேண்டியதில்லை. மெதுவாக மாறுவதைச் சொல்லத் தமிழில் சின்னச் சின்னச் சொற்கள் எத்தனை இருக்கின்றன! ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மணம்.

வரவர என்றால் மாற்றம் என் கண் முன்னால் நடக்கிறது, பெரும்பாலும் எனக்கு அது பிடிக்கவில்லை: "வரவர வெயில் தாங்க முடியவில்லை." போகப்போக என்றால் இனிமேல் வரப்போவது, கொஞ்சம் ஆறுதல் கலந்தது: "முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்." இரண்டும் எதிரெதிர் வினையில் பிறந்தவை, திசையும் எதிரெதிர். இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், வாக்கியம் உடனே உறுத்தும். நாளடைவில், காலப்போக்கில் இரண்டும் எழுத்து நடைக்கு உரியவை, மாற்றத்தை யாரும் நின்று பார்க்கவில்லை என்பது குறிப்பு. படிப்படியாக என்றால் கட்டங்கள் உண்டு, பெரும்பாலும் யாரோ திட்டமிட்டது: மருந்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். சிறுகச் சிறுக என்றால் சேர்வது அல்லது கரைவது: பணம், மண், உயிர். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று சொன்னவர்களின் மொழி இது. மெதுவாக நடப்பதைச் சொல்ல அதனிடம் பஞ்சமே இல்லை.

தமிழ் எழுத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மாங்குளம் குகைக் கல்வெட்டில் இருக்கும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்து நூற்றாண்டுகளின் ஊடே கைமாறிக் கைமாறி வடிவம் மாறி வந்ததைப் பரிணாமம் என்று சொல்வது பொருத்தம். யாரும் ஆணை போடவில்லை. எழுதிய கைகளின் பழக்கம் அது. ஆனால் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் இடையே, ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடையே வேறுபாடு தெரிய வீரமாமுனிவர் செய்த மாற்றமும், பெரியார் 1935இல் தன் குடி அரசு இதழில் கையாண்டு, 1978இல் தமிழக அரசு ஆணையாக வந்த லை, னை, ணா, றா போன்ற வடிவங்களும் சீர்திருத்தம். தெரிந்து செய்தது, தேதி உள்ளது. யார் செய்தது, எந்த ஆண்டு என்று சொல்ல முடிந்தால் அதைப் பரிணாமம் என்று எழுதாதீர்கள், செய்தவருக்கு உரிய பெருமை போய்விடும்.

ஏழாம் படி: யார் படிக்கிறார்கள்?

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்த வாசகருக்குப் பள்ளிப் பாடநூலில் வந்த சொல் பரிணாமம் அல்ல, கூர்ப்பு. கூர்ப்புக் கொள்கை என்றுதான் படித்திருப்பார்கள். தகவமைப்புக்கு அங்கே இசைவாக்கம் என்பார்கள். இரு நாட்டு வாசகர்களும் படிக்கும் கட்டுரை என்றால் முதல் முறை "பரிணாமம், அதாவது கூர்ப்பு" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுத் தொடருங்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் உள்ள ஈழத்து வாசகர்களுக்கும் அது உதவும்.

கூர்ப்பு பழைய சொல். தொல்காப்பியத்தின் உரியியலில் "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று வருகிறது. ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுவதைச் சொல்லும் சொற்கள் இவை என்பது அதன் பொருள். புதிதாக ஒன்று எங்கிருந்தோ வந்து குதிக்கவில்லை, இருந்ததுதான் மாறுகிறது என்ற பகுதி டார்வின் சொன்னதோடு அழகாகப் பொருந்துகிறது. சிறத்தல் என்ற பகுதியில்தான் மறுபடியும் மேல்நோக்கிப் போகும் எண்ணம் எட்டிப் பார்க்கிறது. படிமலர்ச்சி என்று எழுதுபவர்களும் உண்டு. அதில் மலர்தல் இருக்கிறது. ஏடு விரித்தல், பால் தயிராதல், மலர்தல், சிறத்தல் என்று எந்தச் சொல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு நம்பிக்கை ஒட்டிக்கொண்டேதான் வருகிறது. எது பிடிக்கிறதோ அதை எடுங்கள், ஆனால் ஒரு கட்டுரைக்குள் மாற்றி மாற்றிப் போடாதீர்கள். எனக்குப் பிடித்தது கூர்ப்பு. நான் எழுதுவது பரிணாமம், ஏனென்றால் என் வாசகர்களில் பெரும்பாலோர் அதைத்தான் படித்திருக்கிறார்கள்.

கடைசிப் படி: ஒரு பத்தியை எடுத்துத் திருத்திப் பாருங்கள்

அண்மையில் ஒரு மாணவர் அனுப்பிய பத்தி இது. அவர் அனுமதியோடு தருகிறேன்.

"காசநோய்க் கிருமிகள் மருந்துகளிடமிருந்து தப்பிப்பதற்காகத் தங்களை மாற்றிக்கொண்டு பரிணாம வளர்ச்சி அடைகின்றன. மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். வல்லது வாழும் என்பது இயற்கையின் விதி."

மூன்றே வாக்கியம், மேலே சொன்ன தவறுகளில் பெரும்பாலானவை இருக்கின்றன. "பழகிவிடும்" என்பதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது, உடம்புக்கு மருந்து பழகிவிட்டது என்று மருந்துக்கடை வாசலில் சாதாரணமாகப் பேசுகிறோம். பழகுவது தனி உயிர் செய்வது, பாலைத் தயிராக்கும் வேலை. இதைப் படித்த நோயாளி என்ன முடிவுக்கு வருவார்? அதிக நாள் மருந்து சாப்பிட்டால்தானே பழகும், சீக்கிரம் நிறுத்திவிடலாமே என்று நினைக்க இடம் இருக்கிறது. காசநோயில் அந்த நினைப்பு உயிரை வாங்கும். நானும் அந்த மாணவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசி இப்படி மாற்றினோம்:

"ஒரு நோயாளியின் நுரையீரலில் கோடிக்கணக்கான காசநோய்க் கிருமிகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றுபோல இல்லை. மருந்து தொடங்கியதும் எளிதில் சாகக்கூடியவை முதலில் சாகின்றன. இருமல் குறைகிறது, காய்ச்சல் நிற்கிறது, சரியாகிவிட்டது என்று தோன்றுகிறது. ஆனால் மருந்தை அதிக நாள் தாக்குப்பிடிக்கக்கூடியவை இன்னும் உள்ளே இருக்கின்றன. இந்த நேரத்தில் மருந்தை நிறுத்தினால் மிஞ்சியிருப்பவை பெருகும். அவற்றில் சிலவற்றின் வாரிசுகள் அதே தாக்குப்பிடிக்கும் தன்மையோடு பிறக்கலாம். அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போகலாம். கிருமிக் கூட்டம் இப்படி மாறுவதைத்தான் பரிணாமம் என்கிறோம். ஆறு மாத மருந்தை ஆறு மாதமும் சாப்பிடச் சொல்வது அந்த மிச்சத்தையும் விடாமல் ஒழிக்கத்தான்."

மூன்று வாக்கியம் பத்தாகிவிட்டது. பரிணாமம் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் நடந்ததை எல்லாம் சொன்ன பிறகு வருகிறது. அந்த மாணவர் இதை அவருடைய பாட்டிக்குப் படித்துக் காட்டினாராம். பாட்டி கேட்டுவிட்டு, "அப்போ களை எடுக்கிற மாதிரிதான், வேரோட பிடுங்கலைன்னா மிச்சம் இருக்கறது காட்டையே மூடிடும்" என்றாராம். அந்த வரியையும் கட்டுரையில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டார்.